ஒகரினா: மண்ணா, பிளாஸ்டிக்கா?

ஒகரினா வாங்க நினைக்கிற எவரும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் வாங்கலாமா, சுடுமண் வாங்கலாமா? கிடைக்கிற பதிலும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்ததுதான்: "பழகுறதுக்கு பிளாஸ்டிக், வாசிக்கிறதுக்கு மண்." இன்னும் கொஞ்சம் உருகிச் சொல்பவர்கள் மண்ணுக்கு உயிர் இருக்கு, பிளாஸ்டிக்குக்கு அது இல்லை என்பார்கள். இந்த இரண்டாவது பேச்சைத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை. முதல் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு.

ஒகரினாவைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு கைக்குள் அடங்குகிற, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி உருண்டு கூம்பின ஓர் ஊதுகருவி. பக்கவாட்டில் ஊதுவாய் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே விரல்களுக்கும் அடியில் கட்டைவிரல்களுக்கும் துளைகள். மண்ணில் செய்த ஊதல்கள் உலகத்தில் ரொம்பப் பழசு, மத்திய அமெரிக்காவில் ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இருந்தவை. ஆனால் இன்று நாம் ஒகரினா என்று சொல்லும் கருவி, ஒரு முழு ஸ்தாயியும் அதற்கு மேலும் சுருதி சுத்தமாக வாசிக்க முடிகிற கருவி, 1853இல் இத்தாலியில் போலோன்யாவுக்குப் பக்கத்தில் பூத்ரியோ என்ற ஊரில் பிறந்தது. செய்தவர் ஜுசெப்பே தோனாத்தி. அப்போது அவருக்கு வயது 17. பெயருக்கு அந்த ஊர்ப் பேச்சில் 'குட்டி வாத்து' என்று பொருள். வாத்து என்பதைவிட பெருவாத்து என்பதுதான் சரி, ஆனால் 'குட்டிப் பெருவாத்து' என்று எழுதினால் அது எந்தக் கணக்கிலும் சேராது, விடுங்கள்.

அவர் ஏன் மண்ணை எடுத்தார்? போலோன்யா வட்டாரமே செங்கல் வட்டாரம். அந்த நகரத்துக்கு 'சிவப்பி' என்ற பட்டப்பெயர் வரக் காரணமே அதன் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்தான். ஆக, கைக்கு எட்டின தூரத்தில் கிடைத்த, எந்த வடிவத்துக்கும் வளைந்து கொடுக்கிற, விலை குறைந்த பொருள் அங்கே மண். அதாவது நமக்கு இன்று பிளாஸ்டிக் என்னவோ, அந்த ஊருக்கு மண் அது. மண்ணைப் புனிதப்படுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, சத்தம் எங்கே பிறக்கிறது? இதில்தான் முழு விவாதமும் அடங்கியிருக்கிறது.

புல்லாங்குழலில் காற்றுத் தண்டு அதிர்கிறது. எவ்வளவு நீளத் தண்டு என்பதுதான் ஸ்வரம். அதனால் துளை எந்த இடத்தில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. ஒகரினா அப்படி இல்லை. அது காலி பாட்டிலின் வாயில் ஊதுகிற கதை. உள்ளே இருக்கிற மொத்தக் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிகிறது. துளைகளில் நிற்கிற காற்று அந்த ஸ்பிரிங்கில் கட்டின எடை மாதிரி போய்வருகிறது. உள் கொள்ளளவு எவ்வளவு, திறந்திருக்கும் துளைகள் மொத்தமாக எவ்வளவு, துளை உள்ள இடத்தில் சுவர் எவ்வளவு தடிமன், இவைதான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கின்றன. துளை இங்கே இருந்தால் என்ன, இரண்டு விரற்கடை தள்ளி இருந்தால் என்ன, பெரிய மாற்றம் இல்லை. இந்தக் கணக்கை எழுதிவைத்த ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலி உணர்வு பற்றிய பெரிய நூல் வெளியானது 1863இல். தோனாத்தி அதற்குப் பத்து வருஷம் முன்பே கையால் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் கணக்கில் 'பொருள்' என்று ஒரு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கொள்ளளவு இருக்கிறது, துளை இருக்கிறது, தடிமன் இருக்கிறது. மண், பிளாஸ்டிக், மரம் என்று எதுவும் இல்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இது உடனே உறைக்காததற்குக் காரணம் கடம் என்று நினைக்கிறேன். மானாமதுரைக் கடத்தின் மண்ணும், அதைத் தட்டிக் கெட்டிப்படுத்தின விதமும் சத்தத்தில் தெரிகிறது. தெரியத்தான் செய்யும், ஏனென்றால் அங்கே அடி வாங்குவது சுவர், அதிர்வது சுவர். ஒகரினாவில் சுவரை யாரும் அடிப்பதில்லை. அது காற்றை அடைத்து வைக்கிற வேலையைத்தான் பார்க்கிறது. அதிராமல் இருப்பதுதான் அதற்கு இட்ட வேலை. பானை என்ற ஒரே வடிவத்தை வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

"அதெல்லாம் கணக்கு, காது வேற" என்று சொல்பவர்களுக்குக் காதை வைத்தே பதில் இருக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் என மூன்றில் ஒரே உள்ளளவுள்ள குழல்களைச் செய்தார். மூன்றுக்கும் ஒரே மாதிரியான தலைப்பகுதி. கேட்பவர்களுக்குக் கருவி தெரியாது. வாசிப்பவர்களும் எடையை வைத்து அடையாளம் கண்டுவிடாதபடி ஏற்பாடு செய்திருந்தார். எது எது என்று யாராலும் நம்பத்தகுந்த விதத்தில் சொல்ல முடியவில்லை. 1971இல் வெளியான ஆய்வு. பிறகு வியன்னாவிலும் வெள்ளி முதல் பிளாட்டினம் வரையிலான ஒரே மாதிரிப் புல்லாங்குழல்களை வைத்து இப்படிப் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. இரண்டுமே குழலைப் பற்றியவை, ஒகரினாவைப் பற்றியவை அல்ல. ஆனால் மெல்லிய உலோகக் குழலிலேயே சுவரின் பொருள் காதுக்கு எட்டவில்லை என்றால், அதைவிடக் குட்டையான, உருண்டையான, தடித்த சுவருள்ள ஒகரினாவில் எட்டும் என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

அப்படியானால் நல்ல மண் ஒகரினாவுக்கும் மலிவான பிளாஸ்டிக் ஒகரினாவுக்கும் இடையே கேட்கிற வித்தியாசம் பொய்யா? பொய் இல்லை. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, இரண்டுமே 12 துளை ஆல்ட்டோ சி. கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவேன். பிளாஸ்டிக்கில் கீழ் ஸ்வரங்கள் ஒல்லியாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு வரும். மண்ணில் அவை உட்கார்ந்து பேசும். ஆனால் இதற்குப் பொறுப்பு பிளாஸ்டிக் அல்ல, காற்றுப்பாதை. ஊதுவாயிலிருந்து உள்ளே போகிற அந்தக் குறுகின சந்து, அதன் முடிவில் காற்றைப் பிளக்கிற கூர் விளிம்பு. சந்தின் உயரம், அது விளிம்பைப் பார்த்து நிற்கிற கோணம், விளிம்பின் கூர்மை, இவற்றில் மயிரிழை மாறினாலும் தொனி மாறும், தேவைப்படும் மூச்சும் மாறும். என் பிளாஸ்டிக் கருவியின் சந்து மெல்லிய மூச்சுக்கு என்று அமைத்தது. தடை குறைவு, அதனால் மூச்சு லேசாக நடுங்கினாலும் ஸ்வரம் நடுங்கிவிடும். மண் கருவி கொஞ்சம் எதிர்த்து நிற்கும், சாய்ந்துகொள்ள இடம் தரும். இதே மண்ணில் மோசமான சந்தை வெட்டினால் அதுவும் பல்லிளிக்கும். திருவிழாக் கடைகளில் அழகாகப் பூவேலை செய்து தொங்கவிட்டிருப்பார்களே, வாங்கி ஊதிப் பாருங்கள். அசல் மண்தான், ஆனால் ச-வுக்கும் ரி-க்கும் சம்பந்தமே இருக்காது.

ஒகரினாவில் மூச்சு எவ்வளவு முக்கியம் என்பது புல்லாங்குழலில் இருந்து வருபவர்களுக்கு உடனே பிடிபடாது. குழலில் அழுத்தி ஊதினால் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். ஒகரினாவில் அந்தத் தாவலே கிடையாது. அழுத்தினால் ஸ்வரம் மெல்ல மேலே நழுவும், அவ்ளோதான். அதனால்தான் அதன் எல்லை ஒரு ஸ்தாயிக்கு மேல் சில ஸ்வரங்களோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி மூச்சு அளவும் உண்டு. கீழே மெதுவாக, மேலே போகப் போக அழுத்தமாக. இந்த ஏற்றம் செங்குத்தா சாய்வா என்பதைக் கருவி செய்தவர்தான் தீர்மானிக்கிறார். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இதை விட்டுவிட்டு, சேலை வாங்கப் போன மாதிரி பட்டா காட்டனா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி பொருள் உண்மையிலேயே வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். அது சத்தத்தில் இல்லை, செய்முறையில் இருக்கிறது.

ஈரமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணையும் சூட்டையும் பொறுத்தது, ஆனால் நீளத்தில் 10 சதவீதம் அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். மொத்தக் கருவியும் ஒரே விகிதத்தில் 10 சதவீதம் சிறுத்தால் ஸ்வரம் ஏறத்தாழ 180 சென்ட் ஏறும். 200 சென்ட் என்றால் ஒரு முழுத் தொனி, ச-வுக்கும் நம் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் உள்ள தூரம். அதாவது சூளைக்குள் போகும் முன் கருவியைக் கிட்டத்தட்ட ஒரு முழுத் தொனி தாழ்வாக, வேண்டுமென்றே தவறான சுருதியில் செய்ய வேண்டும். மீதியை நெருப்பு ஏற்றிவிடும் என்று நம்பித்தான் சூளைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சுருக்கம் எதிர்பார்த்ததைவிட ஒரே ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ ஏறத்தாழ பத்தொன்பது சென்ட் தவறும். காது உள்ள எவருக்கும் அது தெரியும். சுட்ட பிறகு துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கி ஸ்வரத்தை ஏற்றலாம். இறக்குவது கஷ்டம், துளைக்குள் எதையாவது பூசித்தான் ஆக வேண்டும். காயும்போது உடல் லேசாக முறுக்கிக்கொண்டால் காற்றுப்பாதையும் சேர்ந்து முறுக்கும், அதற்கு மருந்தே இல்லை.

ஆகவே ஒவ்வொரு மண் ஒகரினாவும் தனித்தனி ஆள். ஒரே கைவினைஞர், ஒரே நாள், ஒரே சூளை, ஆனாலும் ஒன்று பாடும், இன்னொன்று மேல் ஸ்வரத்தில் காற்றாக இரையும். ஜப்பானின் சோஜிரோவை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எச்.கே. 1986இல் ஒளிபரப்பிய மஞ்சள் நதி ஆவணத் தொடரின் இசையால் ஒகரினாவை அந்த நாடெங்கும் கொண்டுபோனவர். தன் கருவிகளைத் தானே செய்து சுடுகிறவர். செய்து குவித்ததில் மிகச் சிலவற்றை மட்டுமே வாசிக்க வைத்துக்கொள்பவர். அவர் வாசிப்பைக் கேட்டு, மண்ணுன்னா மண்ணுதான் என்று மெய்மறக்கிறோம். நாம் கேட்பது தேர்வின் சத்தம். கழித்துக்கட்டப்பட்டவை எதுவும் ஒலிப்பதிவுக்கு வருவதில்லை. அவையும் மண்தானே?

பிளாஸ்டிக்கின் கதை நேர் எதிர். எஃகில் ஒரு அச்சு, அதில் உருக்கின ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைப் பாய்ச்சி இரண்டு பாதிகளாக எடுத்து ஒட்டுகிறார்கள். அதுவும் சுருங்கும், ஆனால் அரை சதவீதம் போல, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில். எனவே முதல் கருவி எப்படியோ ஆயிரமாவதும் அப்படியே. அச்சு வெட்டினவர் காது உள்ளவராக இருந்தால் ஆயிரம் நல்ல கருவி. இல்லையென்றால் ஆயிரம் மோசமான கருவி, ஒன்றுகூடத் தப்பாது. மண்ணில் அதிர்ஷ்டம் உண்டு, பிளாஸ்டிக்கில் அதிர்ஷ்டம் கிடையாது. முகம் தெரியாத விற்பனையாளரிடம் படத்தைப் பார்த்துக் கருவி வரவழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மாதிரியைப் பற்றி நாலு பேர் நன்றாக எழுதியிருந்தால், எனக்கு வருவதும் அதே கருவிதான். மண் கருவியைப் பற்றி நாலு பேர் எழுதியிருந்தால், அது அவர்களுக்கு வந்த நாலு கருவிகளைப் பற்றிய செய்தி.

மற்றபடி, எஃகு அச்சுக்கு ஆகும் செலவைத் தனி ஆள் ஒருவரால் தாங்க முடியாது. ஆயிரக்கணக்கில் விற்கும் என்று நம்பிக்கை உள்ள வடிவத்துக்குத்தான் அச்சு போடுவார்கள். அதனால் பிளாஸ்டிக்கில் ஆல்ட்டோ சி கிடைக்கும், சில சின்ன அளவுகள் கிடைக்கும், அதோடு பெரும்பாலும் முடிந்தது. கனத்த பாஸ் ஒகரினா, இரண்டு மூன்று அறைகளைச் சேர்த்து எல்லையை நீட்டின கருவி, மூச்சு ஏற்றம் செங்குத்தாக உள்ள கச்சேரிக் கருவி, இதெல்லாம் வேண்டுமென்றால் மண் செய்பவரிடம்தான் போக வேண்டும். அவரால் ஒரே ஒரு ஆளுக்காக ஒரே ஒரு கருவி செய்ய முடியும், தன் வடிவமைப்பை அடுத்த சூளைக்குள் மாற்ற முடியும். நல்ல வடிவமைப்பாளர்கள் மண்ணில் கூடியிருப்பதன் காரணம் இதுதான். 'வாசிக்கிறதுக்கு மண்' என்ற பேச்சில் இருக்கிற பாதி உண்மையும் இதுதான். இது முழுக்கப் பணத்தின் கணக்கு. இதை மண்ணின் உயிர் என்று பெயர் மாற்றிச் சொல்லும்போது, கெட்டிக்காரக் கைவினைஞருக்குச் சேர வேண்டிய பெயர் அவர் மிதித்துக் குழைத்த மண்ணுக்குப் போய்விடுகிறது. எனக்கு எரிச்சலே அங்கேதான்.

ரெக்கார்டர் உலகத்தில் இந்தச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. மலிவான மர ரெக்கார்டரைவிட யமஹா போன்றவர்களின் நல்ல பிளாஸ்டிக் ரெக்கார்டரை மாணவர் கையில் கொடுங்கள் என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். ஒகரினா உலகம் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் செல்டா. 1998இல் வந்த அந்த நிண்டெண்டோ விளையாட்டு ஒகரினாவை உலகம் முழுக்க அறிய வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் வாசிப்பது ஐந்து பொத்தான், ஐந்து ஸ்வரம், சத்தமும் இயந்திரம் தருவது. அதைப் பார்த்து வந்தவர்கள் கேட்டது நீல நிறம், ஊதுவாயில் முக்கோணச் சின்னம். கடைகளும் அதையே கொடுத்தன, மண்ணிலும் பிளாஸ்டிக்கிலும். அலமாரிக்கு ரொம்ப அழகு.

ஈரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் செய்முறைக்கு அடுத்தபடி பொருள் நிஜமாகவே வித்தியாசம் காட்டுவது இங்கேதான். மூச்சில் இருக்கிற ஈரம் அந்தக் குறுகின சந்தில் படியும். மெருகு பூசாத சுடுமண் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அது முத்து முத்தாக உருண்டு சந்தை அடைக்கும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் குரல் கம்மிவிடும். இதை வைத்தே பிளாஸ்டிக்கைத் தள்ளுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கிறார்கள். மண்ணும் ஒரு அளவுக்குக் குடித்தபின் நிறைந்துவிடும், பிறகு அதுவும் அடைக்கும். காற்றுப்பாதைக்குள்ளும் பளபளவென்று மெருகு ஓடியிருந்தால் அந்த மண் கருவி ஈரத்தில் பிளாஸ்டிக் மாதிரியேதான் நடந்துகொள்ளும், விலை மட்டும் வேறு. ரெக்கார்டர்காரர்களின் பழைய வைத்தியம் பிளாஸ்டிக் ஒகரினாவுக்கும் பலிக்கிறது: பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளி, நிறையத் தண்ணீரில் கலந்து சந்துக்குள் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும். ஈரம் முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவிவிடும். இதை மண்ணில் செய்யாதீர்கள், குடித்துவிடும்.

வெப்பம் இரண்டையும் ஒரே மாதிரி படுத்துகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஸ்வரம் சுமார் 3 சென்ட் ஏறும். 20 டிகிரியில் சுருதி பார்த்த கருவியை மே மாதம் 35 டிகிரி அறையில் எடுத்தால் கணக்குப்படி 45 சென்ட், கிட்டத்தட்ட அரைத் தொனியில் பாதி. உள்ளே நம் மூச்சும் எப்போதும் சூடாகவே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, ஆனாலும் கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் உறுத்தும். என்ன காசு கொடுத்து எந்த மண்ணை வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

எடையும் பார்க்க வேண்டியதுதான். 12 துளைக் கருவியில் உச்சி ஸ்வரங்களுக்கு இரண்டு கட்டைவிரலையும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கருவி உதட்டிலும் சுண்டுவிரல் ஆதரவிலும்தான் நிற்கும். கனமான மண் கருவியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டும்போது புதிதாகக் கற்பவருக்கு ஸ்வரத்தின் மேல் கவனம் இருக்காது, தரையின் மேல்தான் இருக்கும். பயந்த கை இறுகும், இறுகின விரல் துளையைச் சரியாக மூடாது.

அதனால் என் ஆலோசனை இப்படிப் போகிறது. குழந்தைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், பிளாஸ்டிக். 12 துளைகூட வேண்டாம். ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1960களில் வகுத்த நான்கு துளை முறை இருக்கிறது. நான்கே துளையை வெவ்வேறு விதமாகச் சேர்த்து மூடி ஒரு ஸ்தாயி முழுவதும் வாசிக்கலாம், துளை எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்ற விதியின் மிக அழகான பயன். இங்கிலாந்துப் பள்ளிகளில் குழந்தைகள் பிளாஸ்டிக்கில் அதைத்தான் ஊதுகிறார்கள். கீழே போடலாம், கழுவலாம், அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். பெரியவர்கள், நேரில் ஊதிப் பார்க்க வழி இல்லாதவர்கள், ஒரு நல்ல பிளாஸ்டிக் ஆல்ட்டோ சி-யில் ஆரம்பித்து ஆறு மாதமாவது டியூனரை எதிரில் வைத்து ஊதட்டும். தன் மூச்சு எங்கே தடுமாறுகிறது, மேலே இன்னும் தடை வேண்டுமா, கீழே இன்னும் கனம் வேண்டுமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அந்த விடையோடு மண் செய்பவரிடம் போனால் அவரும் நம்மோடு பேச முடியும்.

மண் கருவி கையில் வந்ததும் முதலில் கீழ் ஸ்வரத்தை ஊதாதீர்கள். கீழே எல்லாக் கருவியும் இனிமையாகத்தான் இருக்கும். நேராக உச்சிக்குப் போங்கள். கடைசி மூன்று ஸ்வரமும் இரைச்சல் இல்லாமல் வருகிறதா? அங்கிருந்து ஒவ்வொன்றாக இறங்கும்போது மூச்சு ஒரே சீராகக் குறைகிறதா, அல்லது நடுவில் ஏதாவது ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் திடீரென்று அழுத்த வேண்டியிருக்கிறதா? அப்படி ஒரு ஸ்வரம் இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் ஊதி, சந்து ஈரமானபின் இதையே இன்னொரு முறை செய்து பாருங்கள்.